தண்ணி கேட்ட அக்கா

எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றியதும் அக்கா முதலில் கேட்பது தண்ணீர்தான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்பார். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஷேர் ஆட்டோவில் வரும்போதே அதிலிருந்து நாலு மடக்கு குடித்திருப்பார். ஆனாலும் வாசலுக்கு வந்துவிட்டால் காலையிலிருந்து தொண்டை நனையாதவர் மாதிரி கேட்பார். சேக்காட்டிலும் நசரத்பேட்டையிலும் அவர் பெயர் தெரியாத வீடுகளில்கூட "தண்ணி கேக்குற மேடம்" என்றால் தெரியும். இப்படி வீட்டுக்கு வீடு குடித்ததால், பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தமாக இருக்கும் என்பதும் அவருக்கு மனப்பாடம். அதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அக்கா ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக இருந்தார். பிள்ளை பெற்ற பெண்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள், தனியாகக் கிடக்கும் வயதானவர்கள், வீட்டுக்குள் அடி வாங்குகிறவர்கள் என்று யாரைப் பற்றியாவது ஆஸ்பத்திரியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ தகவல் வந்தால், அங்கே போய்ப் பார்த்து வேண்டியதைச் செய்வதுதான் வேலை. குள்ளமான உருவம். எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூந்தமல்லியில் தம்பி குடும்பத்தோடு, மாடியில் ஒரு அறையில் இருந்தார்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது என் வீட்டு வாசலில்.

அப்போது என் பெண் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ஃபேக்டரி வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் சேக்காட்டில் தரைத்தள வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பிரசவத்துக்கு வந்திருந்த அம்மா விருதுநகருக்குத் திரும்பிவிட்டாள். அவர் ஷிப்டுக்குக் கிளம்பினால் நானும் குழந்தையும் மட்டும். குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று தடுப்பூசி போடும் நர்ஸ் சொல்லி, அக்கா வந்திருந்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

நான் எடுக்கப் போனேன். "நீ கொழந்தையோட நடக்காத, நானே வாங்கிக்கிறேன்" என்று பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டார். பின்கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் தரைக்கு அடியில் கட்டிய தண்ணீர் சம்ப். அதன் இரும்பு மூடிமேல் பழைய கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்திருந்தேன்.

"மூடி மேல எதுக்கும்மா கல்லு?"

"எலி வருதுக்கா."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "கால் வலிக்குது, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்" என்று கேஸ் சிலிண்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். குக்கர் விசில் அடித்தது, எழுந்து அணைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். அவருக்குப் போக அவசரமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது.

"எனக்கு என் மேலயே பயமா இருக்குக்கா. பாப்பாவத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனாலே என்னென்னமோ தோணுது."

இதைக் கேட்ட எந்த மனுஷியும் முதலில் என் மடியிலிருந்து குழந்தையை வாங்கியிருப்பாள். அக்கா வாங்கவில்லை. குழந்தை என் மடியிலேயே இருந்தது.

"கல்ல வெச்சது யாரு?"

"நான்தான்."

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நெனைக்கிறவதான்மா கல்ல வைப்பா. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும். இது வியாதி. மருந்து இருக்கு. ஆனா அதுவரைக்கும் நீ தனியா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும்வரை அக்கா அசையவில்லை. வந்ததும் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"தம்பி, அவளுக்கு டைபாய்டு வந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா? நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க லீவு போடுங்க. அவங்கம்மாவுக்கு இப்பவே போன் பண்ணுங்க."

மறுநாள் எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மா அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தாள். மருந்து வேலை செய்ய நாளாயிற்று. அந்த நாட்களிலெல்லாம் அக்கா வந்துகொண்டே இருந்தார். "மொத தடவ வர்றது மூஞ்சியக் காட்ட. மறுபடி வர்றதுதான் வேலை" என்பார். என் பெண் இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

குழந்தையைப் பள்ளியில் சேர்த்த பிறகு அக்கா என்னை அவருடைய நிறுவனத்திலேயே களப்பணிக்குச் சேர்த்துவிட்டார். பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அதுதான் முதல் வேலை. அவர் பின்னாலேயே அலைந்து கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஆட்டோவில், "எதுக்குக்கா எல்லா வீட்லயும் தண்ணி கேக்குறீங்க?" என்றேன்.

"நல்லா இருக்கோம்னு வாசல்ல சொல்றதெல்லாம் வணக்கம் சொல்ற மாதிரி. அதுக்குள்ள ஒண்ணும் கெடையாது. தண்ணி கேட்டா யாராவது எழுந்து போகணும். யாரு எழுந்து போறா, போறதுக்கு முன்ன யாரு மூஞ்சியப் பாக்குறா, ஸ்கூலுக்குப் போக வேண்டிய புள்ள கொண்டாந்து குடுக்குதா, எல்லாம் பாக்கலாம். அப்புறம், தண்ணி குடுத்துட்டா ஒடனே போன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது."

திருவேற்காட்டில் ஒரு அடுக்குமாடி வீடு. பெரியவர் ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், பகல் முழுக்கக் கதவைத் தட்டுகிறார் என்று எதிர்வீட்டில் புகார். நாங்கள் ஒரு சனிக்கிழமை போனோம். மருமகள் கதவைத் திறந்தாள். நாங்கள் யார் என்று தெரிந்ததுமே முகம் இறுகிவிட்டது. அக்கா தண்ணீர் கேட்டார். அவள் எழுவதற்குள் சோபாவில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார். "விருந்தாளி கேக்குறாங்க, நீ இரும்மா" என்று உள்ளே போய், ஒரு எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அக்கா வாங்கி, தலையை அண்ணாந்து, நிதானமாகக் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஜில்லுனு இருக்கு சார்" என்றார். பெரியவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"தொறந்து வெச்சா ரோட்டுக்குப் போயிடுறார் மேடம். ஒருதடவ ஹைவேயில லாரிக்கு நடுவுல நின்னார். ரெண்டு பேரும் வேலைக்குப் போகலைன்னா இந்த வீட்டுக்கு இ.எம்.ஐ. கட்ட முடியாது. பூட்டிட்டுப் போனா எல்லாரும் எங்களக் கொலகாரங்க மாதிரி பாக்குறாங்க."

"பூட்டுறதுக்காக நான் சண்டை போட வரலம்மா. உள்ள பொகை வந்தா யாரு தொறப்பா? அத மட்டும் பேசுவோம்."

அன்றைக்கே புகார் சொன்ன எதிர்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு சாவியை அவரிடமே கொடுக்க வைத்தார். வெளியே போகும்போது சிலிண்டரை அணைப்பது, மத்தியானம் சாப்பாடு கொடுக்க ஒரு ஆள், பெரியவர் சட்டைப்பையில் வீட்டு விலாசம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார். பெரியவர் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து, தன் கட்டிலில் தூக்கத்திலேயே போனார். துக்கத்துக்குப் போனபோது அந்த மருமகள் எங்கள் தோளில்தான் வந்து சாய்ந்தாள்.

இப்படித்தான் எல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை.

நசரத்பேட்டையில் ஒரு வீடு. புருஷன் லாரிப் பட்டறையில் வெல்டர். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. முதல் வகுப்புப் போகும் ஒரு பெண் குழந்தை. அவள் தண்ணீரை இடது கையால் கொண்டுவந்து கொடுத்தாள். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"கை வலிக்குதாம்மா?" என்றார் அக்கா.

"துணி புழிஞ்சப்போ புடிச்சிக்கிச்சு மேடம்."

"அடிக்கடி புடிச்சிக்குமா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழமையில புடிச்சிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில், அவன் பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்துப் போனோம். எதிரே தையல் கடை வைத்திருந்த பெண்ணிடம் பேசி, ஒரு பையில் துணிமணியையும் ரேஷன் கார்டையும் அங்கே வைத்தோம். அடி விழுந்தால் குழந்தையோடு எந்தப் பக்கம் ஓடுவது, யாரைக் கூப்பிடுவது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். தங்குவதற்கு ஒரு இல்லத்தில் இடமும் கேட்டு வைத்தார். ஆனால் கிளம்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை. "எப்போன்னு நீதாம்மா சொல்லணும். நீ சொல்ற அன்னிக்கு நான் வாசல்ல நிப்பேன்" என்றார்.

நாம் போய்ப் பேசுவதே அவனுக்குத் தெரிந்தால் அடி அதிகமாகலாம், அதனால் ஒவ்வொரு காலடியையும் யோசித்து வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அந்தப் பெண் ஒரு நாளைச் சொன்னாள். அந்த நாள் வருவதற்குள் அவன் மாமியார் காலில் விழுந்துவிட்டான். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தானாம். பெற்ற தாயே மகளுக்குப் புத்தி சொன்னாள்.

"அம்மா அவ்ளோ சொல்லுது மேடம். ஒரு தபா பாக்குறேனே."

"சரிம்மா. நான் வந்துகிட்டே இருப்பேன்" என்றார் அக்கா.

அடுத்த தடவை போனபோது அவன் வீட்டிலிருந்தான். நாங்கள் வாய் திறப்பதற்குள், வழிய வழிய ஒரு சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தான்.

"இன்னா மேடம், தண்ணிதானே ஓணும்? இந்தாங்க, குடிங்க."

"ஒங்க சம்சாரம் எங்க தம்பி?"

"கோயிலுக்குப் போயிக்கீது."

அவளுடைய செருப்பு வாசலில் இருந்தது. பக்கத்திலேயே குழந்தையின் செருப்பும் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"இனிமே இங்க வராதீங்க. தாகம் எடுத்தா கடையில பாக்கெட் விக்கிறான்."

நாங்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். இரண்டு பெண் போலீஸ் கூடவே வந்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீறேன். ஒண்ணும் இல்ல" என்றாள். புகார் கொடுக்க மாட்டேன் என்றாள். நான் உள்ளே வரட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். போலீஸ் அவனை எச்சரித்துவிட்டுத் திரும்பியது.

சில நாட்களில் தையல் கடைப் பெண் போன் செய்தாள். அந்தப் பெண் போய்விட்டாள். எப்படி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவனைக் கைது செய்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அம்மா தரையில் கிடந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீ வந்துகினு போயிகினு கீறதப் பாத்துதான்மா அவன் ஜாஸ்தி அட்ச்சான். எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு நீ யாரு? ஆரு ஒன்ன கூப்ட்டா?"

அக்கா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில், "அப்படியும் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இல்லை என்று நான் சொன்னேன். நிறுவனத்தில் எல்லாரும் சொன்னார்கள். தையல் கடைப் பெண், அவன் அவளைக் கல்யாணமான வருஷத்திலிருந்தே அடிக்கிறான் என்று சத்தியம் செய்தாள். எதுவும் அக்காவுக்குள் இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வேலைக்கு வந்தார். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. வாசற்படியோடு நின்றுவிடுவார். "உள்ள வாங்க மேடம்" என்றால், "பரவால்லம்மா, இங்கயே நிக்கிறேன்" என்பார். நான் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவேன். அவர் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

பல மாதங்கள் கழித்து இறந்துபோனவளின் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குழந்தை அவரிடம்தான் வளர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போவதில்லை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. டாக்டரிடம் காட்டினாலும், கவுன்சிலிங் கூட்டிப்போனாலும் வாய் திறக்கவில்லை.

"ஆரு வாசல்ல வந்தாலும் கட்டிலுக்கு அடியில பூந்துக்குதும்மா. அந்த மேடத்தக் கூப்புடேன். அவுங்க வந்து பாக்கட்டும்."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்தேன். அவரே சொன்னார்:

"எம் பொண்ண அவங்கூடயே இருன்னு சொன்னது நானு. அத எங்கன்னு போய் சொல்லுவேன்? அந்தம்மா எதுருல வந்து நின்னுச்சு, அது மேல போட்டுட்டேன்."

பூந்தமல்லிக்குப் போனேன். அக்கா மாடியில் தம்பி பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "வேணாம்மா. நான் போனா என்ன ஆகும்னு எனக்கே தெரியாது" என்றார். அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தார்.

"பாவம். இதையுமா அந்தம்மா தூக்கிட்டுத் திரியுது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் முன்பே போய்க் காத்திருந்தேன். "உள்ள வாம்மா" என்று அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்தார். "இங்கயே ஒக்காந்துக்கிறேன்" என்று வாசற்படியில், தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அக்கா கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்.

அப்படியே ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒருவாரம் குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டியது. பிறகொரு வாரம் கதவு வரைக்கும் தவழ்ந்து வந்து, நிலைக்குப் பின்னால் உட்கார்ந்தது. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா படியிலேயே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை எழுந்துபோய் அந்தக் குடைக்குள் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நானும் அந்த அம்மாவும் மூச்சு விடாமல் உள்ளே நின்றோம்.

பேன் தொல்லை என்று பாட்டி அதன் முடியை ஒட்ட வெட்டியிருந்தார். குழந்தை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"நீங்க வர்றன்னிக்கு எங்கம்மா எனக்கு ரெட்ட ஜடை போடும்" என்றது.

அக்கா அசையவில்லை.

"அப்புறம்?"

"ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே இருக்கும். மேடம் வர்றாங்க, மேடம் வர்றாங்கன்னு சொல்லும்."

பின்னாலிருந்து பார்த்த எனக்கு அக்காவின் முகம் தெரியவில்லை. அவர் கை மட்டும் அந்தக் கத்தரித்த தலைமேல் போய் அப்படியே இருந்தது. குடை ஒரு பக்கம் சாய்ந்து, அவருடைய புடவை பாதி நனைந்தது. எனக்குப் பக்கத்தில் அந்த அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார்.

குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. பள்ளிக்கும் போனது. முடி வளர்ந்து காதைத் தாண்டியபோது, அக்கா அந்தப் படியில் உட்கார்ந்து அதற்கு இரண்டு குட்டி ஜடை போட்டுவிட்டார். அந்த வருஷமே அவர் தம்பிக்கு ஓசூருக்கு மாற்றலாயிற்று. அக்காவும் கூடப் போய்விட்டார். முதலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. எங்கே இருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பாட்டி வீட்டுக்கு நான்தான் போய்வருகிறேன். பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள். போன மாதம் போனபோது, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் என்னோடு படியில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள்.

"ஆன்ட்டி, அந்த மேடம் ஏன் எங்க ஊட்டுக்குள்ள வரவே இல்ல?"

அவளுடைய இன்னொரு ஷூவை எடுத்துக் கொடுத்தேன்.

"நீ வெளிய வரணும்னுதான் கண்ணு."

அவள் லேஸை இழுத்துக் கட்டினாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

"நான்தான் வந்துட்டேனே" என்றாள். "அதுக்கப்புறமாவது உள்ள வந்திருக்கலாம் இல்ல?"